காற்புள்ளிக்குப் பிறகு வரும் ஊர்

உள்துறைமுக வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பார்சல் கொம்பனி என்கிறது பெயர்ப்பலகை.
உள்ளே ஒரு தராசு, மூன்று மேசை,
ஹில்மியின் மழைக்கோட்டு காயும் கயிறு.

தபால் குறியீடுகள் பீடிஎஃப்பில் வந்தன,
நாற்பத்திரண்டு பக்கம்.
"போனுக்குள்ள தேடுற மாதிரி ஆக்கித் தாங்கோ,
ரெண்டு மணித்தியால வேலைதானே"
என்றார் முதலாளி நஜிமுதீன்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

கண்ணுக்கு அது நிலாவெளி.
கொப்பி பண்ணி ஒட்டினால்
ஈ பீ வை ஹெச் என் டீ எஸ் பீ.
பாமினியில் தட்டியவர் எவரோ
எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டு
உடம்பை ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறார்.
நூற்றுப்பதினாறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.
முதல் ஓட்டத்தில் வெருகலின் கொம்பு கழன்று
பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொண்டது.
இரண்டாம் ஓட்டத்தில் கிண்ணியா பிழைத்தது,
குச்சவெளி குழம்பியது.
மூன்றாவதில் கரண்ட் போனது.

பார்ப்பதற்கு மட்டும் எக்செலில் திறந்தேன்.
அது கொழும்பின் முன் பூச்சியங்களை விழுங்கிவிட்டது.
கோட்டை மூன்று இலக்கத்தோடு
வெறுந்தலையாய் நின்றது.
சிரித்துவிட்டேன்.
முப்பத்தொன்றில் தொடங்குகிற எங்களுக்கு
தொலைக்க முன்னால் பூச்சியமே இல்லை.
பிறகு மனம் கேட்காமல்
அவற்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.
தலைநகரும் ஒரு நிரைதானே.

பிழை பார்க்க அச்சடித்துக் கொடுத்த தாள்களை
ஹில்மி சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டு
பிளேன்டீ குடிக்கப் போனான்.
வந்து பார்த்தால் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
மூதூர் பிரிவை முழுதாக மென்றுகொண்டு நிற்கிறது.
"அக்கா, மான் தின்னாத ஃபோர்மட்டில தாங்க" என்றான்.
முழு வேலையிலும் தெளிவான கட்டளை
அது ஒன்றுதான்.

அப்புறம் இந்தக் காற்புள்ளி.
பள்ளிக்குடியிருப்பு, தோப்பூர் என்று
ஒரே கூட்டுக்குள் எழுதியிருந்தது.
ஆளுக்கு அது வழி சொல்லல்.
கோப்புக்கு அது கத்தி.
தோப்பூர் எண்ணுடைய நிரலுக்குள் தள்ளுப்பட,
எண் அதற்கும் அடுத்த நிரலுக்குப் போய் விழுந்தது.
அந்த நிரலுக்குத் தலைப்பே கிடையாது.

கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடவில்லை.
கட்டைபறிச்சான் முகாமில் எங்கள் விலாசம்
நான்கு காற்புள்ளி நீளம்.
பெயர், மே.பா. இன்னொருவர் பெயர், கொட்டில் இலக்கம்,
கடைசியில் போக முடியாத சம்பூர்,
அதற்குப் பிறகும் ஒரு காற்புள்ளி.
அம்மா ஏன் அதைப் போட்டாள் என்று
நான் கேட்டதில்லை.

பிற்பகல் ஸ்கிரிப்ட் என்னைக் கேட்டது:
சம்பூர், சாம்பூர்.
ஒரே எண், இரண்டு நிரை.
எதை நீக்க?

ஆம் இல்லை என்று இரண்டே பொத்தான்.
இல்லை என்றேன்.
மறுபெயர் என்று புதிதாய் ஒரு நிரல் திறந்தேன்.
பிழையாய் எழுதியவர்கள், அவசரத்தில் எழுதியவர்கள்,
சிங்களத்தில் கேட்டுத் தமிழில் எழுதியவர்கள்
எல்லாருடைய எழுத்துக்கூட்டலும் அதற்குள் போனது.
எப்படித் தட்டினாலும் வந்து சேரட்டும்.

ஐந்தரைக்கு முடிந்தது.
நாற்பத்திரண்டு பக்கம், ஐம்பத்தெட்டு கிலோபைட்.
நஜிமுதீன் தன் ஊரை மட்டும் தட்டிப் பார்த்து
"ஆ, வருது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஹில்மி எடுத்தான்.
பின்னால் காற்று, ஒரு ஆட்டின் சத்தம்.
"அக்கா, உங்கட ஃபைல் சரியாத்தான் காட்டுது.
தபால் கந்தோருக்கு முன்னால நிக்கிறன்.
வீட்டுக்கு எப்படிப் போற?"

என் நிரல்கள் ஏழையும் பார்த்தேன்.
"எண் அதுவரைக்கும்தான் ஹில்மி.
அங்கால ஆரையாவது கேள்."